லான்சரோட்டே: அக்டோபர் கடைசியில் ஏழு இரவு, முழங்கால் வலி உள்ள அம்மாவோடு. இந்தத் திட்டம் சரிப்படுமா?

#1 கவிதா_திருச்சி

வணக்கம். அக்டோபர் கடைசி வாரப் பள்ளி விடுமுறையில் லண்டனிலிருந்து லான்சரோட்டே தீவுக்குப் போவதாக இருக்கிறோம். நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர் (13 வயது, 8 வயது), அம்மா (69). எங்கள் நால்வருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். அம்மாவுக்கு இந்திய பாஸ்போர்ட். செப்டம்பரில் திருச்சியிலிருந்து விசிட் விசாவில் லண்டன் வருகிறார்.

இதுவரை யோசித்தது: தங்குவது புவர்ட்டோ தெல் கார்மென். கார் இல்லாமல் பஸ்ஸிலேயே சமாளிக்கலாம் என்று எண்ணம். ஞாயிறு தெகீசே சந்தை, திங்கள் திமான்ஃபாயா எரிமலை, செவ்வாய் வடக்கே போய் வெர்தேஸ் குகை, ஹமேயோஸ், மிராதோர் தெல் ரியோ, கள்ளித் தோட்டம் நான்கும், புதன் படகில் பக்கத்துத் தீவு ஃபுவர்ட்டெவென்டுரா, வியாழன் இன்னொரு சின்னத் தீவு லா கிராசியோசா, வெள்ளி ஃபமாரா கடற்கரையில் குளியல், சனி திரும்புவது.

அம்மா சமதரையில் அரை மணி நேரம் நடப்பார். படி ஏறி இறங்குவதுதான் கஷ்டம். சுத்த சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார். தெரிந்தவர்கள் இந்தத் திட்டத்தில் எது உடையும் என்று சொல்லுங்கள்.

#2 சாலைக்காரன்

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அம்மாவின் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா. கனாரித் தீவுகள் ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் கிடந்தாலும் ஸ்பெயினின் பகுதி, ஷெங்கன் எல்லைக்குள் வருபவை. பிரிட்டிஷ் விசிட் விசாவை வைத்து அங்கே இறங்க முடியாது.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "லண்டன் வந்தபிறகு இங்கேயே ஸ்பெயின் விசா எடுத்துக்கொள்ளலாம்" என்ற கணக்கு. ஷெங்கன் விசாவுக்கு ஒருவர் எந்த நாட்டில் குடியிருக்கிறாரோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். விசிட் விசாவில் வந்தவரை லண்டனில் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே அம்மா இந்தியாவை விட்டுக் கிளம்பும் முன்பே, ஸ்பெயின் விசா விண்ணப்பங்களை வாங்கும் சென்னை பிஎல்எஸ் மையத்தில் கொடுத்துவிட வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள் என்று விதி சொன்னாலும் உங்களுக்கு அது பொருந்தாது, ஏனென்றால் செப்டம்பரில் பாஸ்போர்ட் அவர் கையில் இருந்தாக வேண்டும். ஜூன், ஜூலையில் முடித்துவிடுங்கள்.

பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மருத்துவ இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்லுபடியாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் கடந்த பத்தாண்டுக்குள் கொடுக்கப்பட்டதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது உயிரோடு இருப்பதாகவும் இருக்க வேண்டும். திருச்சியில் இருப்பவர் ஏன் லண்டனிலிருந்து ஸ்பெயின் போகிறார் என்ற கேள்வி கட்டாயம் வரும். பிரிட்டிஷ் விசா நகல், லண்டன்-அர்ரெசிஃபே (தீவின் தலைநகர்) போகவர டிக்கெட், அம்மா பெயர் போட்ட ஹோட்டல் பதிவு, நீங்கள் அவர் மகள் என்பதற்கான பிறப்புச் சான்று, செலவை நீங்கள் ஏற்பதாக ஒரு கடிதம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கோர்த்துக் கொடுத்தால் கேள்விக்குப் பதில் அந்தக் கட்டிலேயே இருக்கும்.

உங்கள் நால்வருக்கும் விசா வேண்டாம். ஆனால் ஐரோப்பிய எல்லையின் புதிய பதிவு முறையில் முகப்படமும் கைரேகையும் எடுப்பார்கள். 12 வயதுக்குக் கீழே கைரேகை கிடையாது, படம் மட்டும். திரும்பும்போதும் இதே பரிசோதனை உண்டு. விடுமுறை வாரச் சனிக்கிழமை லண்டன் விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்புவதால் வரிசை நீளும். மூன்று மணி நேரம் முன்னால் போய்விடுங்கள்.

#3 மகிழினி_ஹரோ

கவிதா, இடம் தெரிவு செய்யிற விஷயத்தில் கொஞ்சம் கவனமாக இருங்கோ. இந்தத் தீவில் காற்றைப் பார்த்துத்தான் எல்லாவற்றையும் முடிவு செய்ய வேணும். வருசம் முழுக்க வடகிழக்கிலிருந்து வீசும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை சரியான பலம், ஒக்டோபரில் குறைந்துவிடும். கோஸ்டா தெகீசே அந்தக் காற்றுக்கு நேரே இருக்கிறது, அதனால்தான் விண்ட்சேர்ஃபிங் ஆட்கள் அங்கே போகிறவை. தெற்கு முனையில் உள்ள பிளாயா பிளாங்கா, அஹாச்சேஸ் மலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இருக்கிறது. ஒரே நாளில் அங்கே மண் பறக்கும், இங்கே சாதாரணமாக இருக்கலாம்.

புவர்ட்டோ தெல் கார்மென் இரண்டுக்கும் நடுவில். விமான நிலையம் பத்துப் பதினைந்து நிமிசம், வடக்கும் தெற்கும் சம தூரம். பிழையான தெரிவு இல்லை. ஆனால் ஊர் ஒரு சரிவில் கட்டினது. படத்தில் கடல் தெரியிற வடிவான அபார்ட்மெண்ட் பாதி மேட்டில் இருக்கும். அம்மாவுக்கு அந்த ஏற்றம் ஏலாது. கடலோர வீதியிலேயே, அல்லது அதிலிருந்து ஒரு தெரு தள்ளி இருக்கிற இடமாக வரைபடத்தில் பார்த்து எடுங்கோ. கட்டிடத்தில் லிஃப்ட் இருக்கிறதா என்றும் எழுதிக் கேளுங்கோ. இரண்டு மாடிக் கட்டிடங்கள்தான் அதிகம், கனக்க இடத்தில் லிஃப்ட் இல்லை. மத்தகோர்தா பக்கம் சமதரைதான், நடக்க நல்லது, ஆனால் ஓடுபாதைக்குக் கிட்ட. பகலில் விமானச் சத்தம் கேட்கும்.

கடலில் குளிக்கிறதும் நடைபாதையில் காலாற நடக்கிறதும்தான் முக்கியம் என்றால் நான் பிளாயா பிளாங்கா என்றுதான் சொல்லுவன். அங்கே நடைபாதை நீளமாகவும் அனேகமாகச் சமமாகவும் இருக்கும். தொராதா, ஃபிளமிங்கோ இரண்டு கடற்கரைக்கும் கல் தடுப்பு போட்டிருப்பதால் எட்டு வயசுப் பிள்ளைக்குப் பயமில்லை. வடக்கு முனை ஓர்சோலாவுக்குக் காரில் ஒரு மணித்தியாலம் ஆகும், அதுதான் குறை.

வீடு எடுக்கிறதென்றால் விளம்பரத்தில் விவி என்று தொடங்கும் சுற்றுலா உரிம எண் இருக்க வேணும். இல்லாத வீட்டுக்குக் காசு அனுப்பாதீங்கோ.

#4 கவிதா_திருச்சி

விசா விஷயம் தெரியாமலே இருந்திருப்போம், மிக்க நன்றி அண்ணா. அம்மாவிடம் இன்றே சொல்லிவிட்டேன். மகிழினி அக்கா, பிளாயா பிளாங்காவையே பார்க்கிறேன். கார் எடுத்தே ஆக வேண்டுமா? இரண்டு பேரும் இடது பக்கம் ஓட்டியே பழகியவர்கள்.

#5 சாலைக்காரன்

திமான்ஃபாயாவுக்கு ஊர் பஸ் போவதில்லை. அங்கே குவாகுவா என்று சொல்லும் பஸ், ஊர்களுக்கிடையே நன்றாகவே ஓடுகிறது. 161ஆம் எண் விமான நிலையம், புவர்ட்டோ தெல் கார்மென், பிளாயா பிளாங்கா மூன்றையும் இணைக்கும். 60 அர்ரெசிஃபேவிலிருந்து பிளாயா பிளாங்கா வரை. 9 ஓர்சோலாவுக்கு, ஆனால் ஒரு நாளைக்குச் சில தடவைதான். ஞாயிறு தெகீசே சந்தைக்கு மூன்று சுற்றுலா ஊர்களிலிருந்தும் தனி பஸ் விடுவார்கள். சந்தைக்குக் காரில் போகவே வேண்டாம், பார்க்கிங் தேடியே காலை கழிந்துவிடும். மற்றபடி எரிமலை, பச்சை ஏரி, உப்பளம், திராட்சைக் குழிகள் எதுவும் பஸ்ஸில் சரிப்படாது. அம்மா இருப்பதால் கார் எடுத்துவிடுங்கள்.

ஐந்து பேர், ஐந்து பெட்டி. "ஐந்து இருக்கை" என்று போட்டிருக்கும் சின்னக் காரில் ஆள் ஏறும், பெட்டி ஏறாது. பின்பெட்டி நீண்ட வண்டி அல்லது ஏழு இருக்கை வண்டி. ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் விமான டிக்கெட் எடுத்த அன்றே காரையும் போட்டுவிடுங்கள், விடுமுறை வாரத்தில் முதலில் தீர்வது அதுதான். சிகார் போன்ற உள்ளூர் நிறுவனங்கள் சொல்லும் விலையிலேயே முழு இன்சூரன்ஸும் இரண்டாவது ஓட்டுநரும் அடக்கம். அடிமாட்டு விலை காட்டும் இணையதளங்களில் எடுத்தால் கவுண்டரில் பெரிய தொகையை கிரெடிட் கார்டில் நிறுத்தி வைப்பார்கள், டெபிட் கார்டு செல்லாது என்பார்கள். இரண்டு விலையையும் கடைசி வரி வரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

135 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு உயர இருக்கை கட்டாயம், பின்சீட்டில்தான் உட்கார வேண்டும். சின்னவன் உயரத்தை அளந்து, பதிவு செய்யும்போதே இருக்கை கேளுங்கள்.

ஓட்டுவது கஷ்டமில்லை. சாலை நல்ல சாலை, ஊருக்கு வெளியே 90 கி.மீ. வரம்பு, ஊருக்குள் 50, பல தெருக்களில் 30. ரவுண்டானாவில்தான் பிரிட்டனில் ஓட்டியவர்கள் தடுமாறுவார்கள். உள்ளே சுற்றுபவருக்கு முன்னுரிமை, அவர் உங்கள் இடது பக்கமிருந்து வருவார். வெளியேறுவது எப்போதும் வெளி வரிசையிலிருந்துதான். உள் வரிசையிலிருந்து குறுக்கே வெட்டி வெளியேறும்போது இடித்தால் குற்றம் உங்களுடையது. வெளி வரிசைக்கு வர முடியவில்லையா, இன்னொரு சுற்று சுற்றுங்கள். சைக்கிள்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், வளைவில் பொறுமை வேண்டும்.

#6 மகிழினி_ஹரோ

கார் வேணும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஏழு நாளும் வேண்டியதில்லை. பிளாயா பிளாங்காவில் தங்கினால் கடற்கரை நாட்களில் கார் சும்மா நிற்கும். நடுவில் நாலு நாள் மட்டும் ஊரிலேயே எடுத்துத் திருப்பிக் கொடுக்கலாம், விமான நிலையத்துக்கு டாக்ஸியோ 161ஓ போதும்.

#7 சாலைக்காரன்

கணக்குப் போட்டுப் பாருங்கள் மகிழினி. வார வாடகைக்கும் நாலு நாள் வாடகைக்கும் பெரும்பாலும் வித்தியாசம் கொஞ்சம்தான். ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் போகவர பெரிய டாக்ஸி பிடித்தால் அந்த மிச்சமும் போய்விடும். இரண்டு பேர் கைப்பையோடு போனால் நீங்கள் சொல்வதுதான் சரி. இந்தக் குடும்பத்துக்கு விமான நிலையத்திலேயே எடுத்து அங்கேயே விடுவது நல்லது.

#8 பாறைமகன்

திமான்ஃபாயா பற்றி நான் சொல்கிறேன். 1730 செப்டம்பர் 1ஆம் தேதி இரவு பூமி பிளந்தது, 1736 ஏப்ரல் வரை அடங்கவில்லை. தீவின் கால் பங்கு நிலம் கற்குழம்புக்கும் சாம்பலுக்கும் அடியில் போனது. கிராமங்கள் புதைந்தன. யைசா ஊரின் பாதிரியார் லோரென்சோ கூர்பேலோ எழுதிவைத்த குறிப்பால்தான் எந்த மாதம் எது எரிந்தது என்று நமக்குத் தெரிகிறது. 1824இல் சின்னதாக மறுபடி ஒரு தடவை. இன்று நீங்கள் பார்க்கப்போவது அந்த ஆறு வருடத்து நிலம். மழை மிகக் குறைவு என்பதால் மண்ணாக மாறாமல், அன்று உறைந்த மாதிரியே கிடக்கிறது.

பூங்காவுக்குள் உங்கள் விருப்பத்துக்கு நடக்க முடியாது. காரை உள்ளே இஸ்லோத்தே தே இலாரியோ மேட்டில் நிறுத்திவிட்டு, டிக்கெட்டில் அடங்கிய பஸ்ஸில் ஏற வேண்டும். சுமார் 14 கி.மீ. சுற்று, முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. எங்கும் இறக்கிவிட மாட்டார்கள். முழங்கால் வலி உள்ளவருக்கு இதைவிட வசதி கிடையாது. பஸ் படி ஏறுவது மட்டும்தான் சிரமம்.

பஸ்ஸுக்கு முன்போ பின்போ அங்கே காட்டும் சோதனைகளைத் தவறவிடாதீர்கள். ஊழியர் மண்வெட்டியால் தரையைச் சற்றே கீறி, சரளையை உங்கள் உள்ளங்கையில் போடுவார். ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தால்தான் பிடிக்க முடியும். அடுத்து, ஆள் ஆழக் குழியில் காய்ந்த முட்செடியைக் கவையால் அழுத்துவார். முதலில் புகை, பிறகு தீக்குச்சி இல்லாமலே பற்றி எரியும். மூன்றாவது, தரையில் பதித்த இரும்புக் குழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவார். ஓரிரு நொடி மௌனம், பிறகு பெரிய சத்தத்தோடு நீராவி ஆள் உயரத்துக்கும் மேலே சீறும். சின்னவனைத் தோளில் பிடித்துக்கொள்ளுங்கள், சத்தத்துக்குத் துள்ளுவான். 13 மீட்டர் ஆழத்தில் வெப்பம் 600 டிகிரி வரை அளந்திருக்கிறார்கள். ஆழத்தில் இன்னும் ஆறாத சூடு, பாறை வெடிப்புகள் வழியே வாயுவாக மேலே வருகிறது.

நேரம்தான் முக்கியம். சுற்றுலாப் பேருந்துகள் காலை 10 முதல் 1 வரை ஒரே சமயத்தில் வந்து குவியும். அப்போது எல்.இசட். 67 சாலையில் கார்கள் வரிசையில் நின்று நின்று நகரும், ஒரு மணி நேரம்கூட ஆகலாம். திறக்கும்போதே போய் நிற்பது உத்தமம். முடியாவிட்டால் இரண்டு மணிக்குப் பிறகு. நுழைவுச்சீட்டை இணையத்திலேயே எடுத்துவிடுங்கள். தீவு நிர்வாகத்தின் பல இடங்களுக்குச் சேர்த்து ஒரே சீட்டு உண்டு, ஆனால் அம்மாவுக்கு எது முடியும் என்று பார்த்த பிறகு வாங்குங்கள். ஒட்டகச் சவாரி தனிக் காசு. ஆட்டமும் குலுக்கலும் அதிகம், அம்மாவுக்கு வேண்டாம்.

மஞ்சா பிளாங்கா பக்கமுள்ள பார்வையாளர் மையம் இலவசம். முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பூங்காவுக்குள் போனால் பஸ்ஸில் பிள்ளைகள் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்.

#9 உப்புக்காற்று

வெள்ளிக்கிழமை ஃபமாராவில் குளியல் என்று போட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். பார்ப்பதற்கு அந்தத் தீவிலேயே பெரிய காட்சி அதுதான், பின்னால் செங்குத்து மலை, முன்னால் பல கிலோமீட்டர் மணல். ஆனால் வடமேற்கு நோக்கித் திறந்த கடல். அக்டோபரில் காற்று குறைகிறது, அதே சமயம் வட அட்லாண்டிக் புயல்கள் அனுப்பும் நீண்ட அலை தொடங்கிவிடுகிறது. காற்றில்லாத, வெயில் அடிக்கிற நாளில்கூட உள்ளிழுப்பு நீரோட்டம் இருக்கும். அலைச்சறுக்குப் பயிற்சி எடுக்க நல்ல இடம், பலகையும் ஆசிரியரும் இருந்தால் மூத்த பிள்ளை இறங்கலாம். சின்னவன் கணுக்கால் தண்ணீரோடு நிற்கட்டும்.

உள்ளிழுப்பை எப்படிக் கண்டுகொள்வது: இரண்டு பக்கமும் நுரை அலை உடையும்போது நடுவில் மட்டும் ஒரு பட்டை உடையாமல், கருத்து, அமைதியாகத் தெரியும். பழக்கமில்லாதவர் "இங்கேதான் அலை இல்லை" என்று அதிலேயே இறங்குவார். அகப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். சிவப்புக் கொடி பறந்தால் யாரும் இறங்கக் கூடாது. அவசர எண் 112.

குளிக்க பாப்பகாயோ போங்கள். பிளாயா பிளாங்காவுக்குக் கிழக்கே மலை முனையில் வரிசையாகச் சின்னச் சின்னக் குடாக்கள், வட அலை எட்டாது. அங்கே போகும் வழி மண் சாலை. வாடகைக் கார் இன்சூரன்ஸ் தார் போடாத சாலையில் பெரும்பாலும் செல்லாது. டயர் கிழிந்தாலும் கீழ்ப்பக்கம் அடிபட்டாலும் முழுச் செலவும் உங்கள் தலையில். பிளாயா பிளாங்கா துறைமுகத்திலிருந்து சிறு படகு போகிறது, அதில் போவது சுலபம். ஆனால் குடாவுக்குள் இறங்கும் பாதை சரிவானது, நிழலும் கிடையாது. அம்மாவை அன்று தொராதா கடற்கரையிலேயே ஒரு குடையின் கீழ் உட்கார வைத்து யாராவது ஒருவர் கூட இருங்கள்.

அக்டோபர் கடைசியில் கடல் நீர் 22 டிகிரி அளவில் இருக்கும். அந்த வருடத்துச் சூடு இன்னும் மிச்சமிருக்கும் காலம் அது. பிப்ரவரி, மார்ச்சில் 18க்கு இறங்கிவிடும்.

#10 மாலதி_சமையல்கட்டு

அம்மாவின் சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சைவம் கிடைக்கும், ஆனால் பெயரைப் பார்த்து நம்பக் கூடாது. "என்சலாதா மிக்ஸ்தா" என்று காய்கறி சாலட் கேட்டால் மேலே டூனா மீன் போட்டு வரும். பருப்புச் சூப்பில் சொரீசோ என்ற பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். கொண்டைக்கடலை போட்ட "ரோப்பா வியேஹா"வில் இறைச்சி கலந்திருக்கும். கோஃபியோ என்பது வறுத்த சோள, கோதுமை மாவு, நம் சத்துமாவு போன்றதுதான். ஆனால் அதைக் கிளறிக் கொடுக்கும் "எஸ்கால்தோன்" பெரும்பாலும் மீன் சாற்றில் செய்தது. உருளைக்கிழங்குத் தோர்த்தியாவில் முட்டை. பியென்மெசாபே என்ற பாதாம் இனிப்பிலும் முட்டை மஞ்சள்கரு.

கண்ணை மூடிக்கொண்டு கேட்கக்கூடியது பாப்பாஸ் அர்ருகாதாஸ். சின்ன உருளைக்கிழங்கைத் தோலோடு, உப்பை அள்ளிப் போட்டு, தண்ணீர் வற்றும்வரை வேக வைப்பார்கள். தோல் சுருங்கி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். தொட்டுக்கொள்ள மோஹோ. சிவப்பில் மிளகாய், பூண்டு, சீரகம், எண்ணெய், வினிகர், பச்சையில் கொத்தமல்லி. அம்மா இரண்டு வாய் சாப்பிட்டதும் "இது நம்ம சட்னிதானே" என்பார். ரத்த அழுத்தம் இருந்தால் தோலை உரித்துவிட்டுக் கொடுங்கள். இதோடு பாத்ரோன் மிளகாய் வறுவல், சர்க்கரைவள்ளிப் பொரியல், கஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப். காய்கறி "பிளாஞ்சா" கேட்டால் இறைச்சி சுட்ட அதே தகட்டில்தான் வாட்டுவார்கள், அது அம்மாவுக்கு ஒப்புமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டுப்பால் சீஸைச் சுட்டுக் கொடுப்பது பிரபலம். மரபான முறையில் பாலைத் திரிக்கக் குட்டியின் இரைப்பை நொதி சேர்ப்பார்கள், கண்டிப்பான சைவர் தவிர்ப்பார்.

கடையில் சொல்ல: "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன், சின் அத்தூன், சின் வேவோ." இறைச்சி, மீன், பன்றித்தொடை, டூனா, முட்டை இல்லாமல். கார்னே வேண்டாம் என்றால் மட்டும் போதாது. ஹமோனையும் டூனாவையும் பல இடத்தில் இறைச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை, தனியாகச் சொன்னால்தான் எடுப்பார்கள்.

அடுப்புள்ள வீடு எடுப்பதே நல்லது. ஹிப்பர்தீனோ கடையில் வேகவைத்த கொண்டைக்கடலை, பருப்பு கண்ணாடிக் குடுவையில் கிடைக்கும், கழுவித் தாளித்தால் ஆயிற்று. அரிசியில் "ரெதோந்தோ" என்பது குண்டு அரிசி, குழையும். தயிர்சாதத்துக்குப் பொருத்தம், மற்றதற்குப் பாஸ்மதி எடுங்கள். தயிர் வாங்கும்போது "நதுரால், சின் அசூக்கார்" என்று பார்த்து எடுக்காவிட்டால் இனிப்புத் தயிர் வந்துவிடும்.

இன்னொன்று முக்கியம். பிரிட்டனிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ பால் பொருள், இறைச்சிப் பொருள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் இதில் அடங்கும். பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்று இல்லாமல் அனுமதி கிடையாது. சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, புளி, பெருங்காயம் போன்ற உலர்ந்தவை போதும், கடைப் பொட்டலமாகவே எடுத்துப் போங்கள்.

#11 கவிதா_திருச்சி

மாலதி அக்கா, நெய் டப்பாவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது மாற்றிய திட்டம்: பிளாயா பிளாங்காவில் வீடு, விமான நிலையத்திலேயே கார், திமான்ஃபாயா காலையில் திறக்கும்போது. வடக்கே போகும் நாளில் நான்கு இடமும் அம்மாவால் முடியுமா? ஃபுவர்ட்டெவென்டுரா, லா கிராசியோசா இரண்டும் தேவையா?

#12 பாறைமகன்

நான்கும் முடியாது, பிள்ளைகளுக்கே சலித்துவிடும். வெர்தேஸ் குகை கொரோனா எரிமலையின் கற்குழம்பு ஓடிய சுரங்கம். மேல்பக்கம் ஆறி ஓடாகிவிட, உள்ளே குழம்பு வடிந்துபோய்க் குழாய் மாதிரி வெற்றிடம் மிஞ்சியது. வழிகாட்டியோடு ஒரு கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். படிகள், ஏற்ற இறக்கம், குனிந்து போக வேண்டிய இடங்கள் உண்டு. நடுவில் திரும்பி வர வழியில்லை. அம்மாவுக்கு வேண்டாம். பிள்ளைகளுக்கு அவசியம். கடைசியில் ஒரு ரகசியம் காத்திருக்கிறது, இணையத்தில் படம் தேடிப் பார்த்துக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஹமேயோஸ் தெல் ஆகுவா அதே சுரங்கத்தின் கடலோரப் பகுதி. இறங்குவதும் ஏறுவதும் படி. உள்ளே உப்புநீர்க் குளத்தில் கண் தெரியாத சிறு வெள்ளை நண்டுகள் பாறையில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். குளத்தில் காசு போடக் கூடாது, உலோகம் கரைந்து அவற்றைக் கொல்லும். இதைப் பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லிவையுங்கள்.

அம்மாவோடு போக மிராதோர் தெல் ரியோவும் குவாத்தீசாவின் கள்ளித் தோட்டமும் சரி. மிராதோர் மலை உச்சியில் 470 மீட்டருக்கும் மேலே, பாறைக்குள் மறைத்துக் கட்டியது. பெரிய கண்ணாடிச் சன்னல் முன்னால் உட்கார்ந்து தேநீரோடு கீழே லா கிராசியோசா தீவைப் பார்க்கலாம், மேல்தளத்துக்குப் படியேற வேண்டிய அவசியமில்லை. மேகம் மலையை மூடியிருந்தால் ஒன்றுமே தெரியாது. எனவே ஹரியா ஊரைக் கடக்கும்போது மலைமுகட்டைப் பாருங்கள். மூடியிருந்தால் குகையை முதலில் முடித்துவிட்டு மதியம் மேலே ஏறுங்கள். வெர்தேஸ் குகை தவிர மற்ற மூன்று இடத்திலும், இந்தத் தீவில் பிறந்த கலைஞர் செசார் மன்ரிக்கேயின் கை இருக்கிறது. உயர்ந்த கட்டிடங்கள் தீவைத் தின்றுவிடாமல் தடுத்ததும் பெருமளவு அவர்தான். தாஹீச்சேயில் கற்குழம்புக் குமிழிகளுக்குள் அவர் கட்டிய வீட்டுக்குத் தனி டிக்கெட், உள்ளே இறங்கப் படிகள் உண்டு.

தெற்கில் ஒரு அரை நாள் அம்மாவுக்காகவே ஒதுக்குங்கள். ஹனூபியோ உப்பளம், எர்விதேரோஸ் பாறைகளில் கடல் கொதிப்பது, எல் கோல்ஃபோவின் பச்சை ஏரி மூன்றும் அடுத்தடுத்து. முதல் இரண்டும் காரை விட்டு நாலு அடி நடந்தால் போதும். பச்சை ஏரிக்கு மட்டும் கொஞ்சம் மேடேறிப் பார்க்க வேண்டும்.

லா ஹெரியா திராட்சை நிலத்தையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம். 1730க்குப் பிறகு சாம்பலுக்கு அடியில் போன பழைய மண்ணைத் தேடி உழவர்கள் குழி தோண்டினார்கள். சில இடத்தில் குழி மூன்று மீட்டர் ஆழம். அடியில் ஒரே ஒரு கொடி. வடகிழக்குப் பக்கம் அரைவட்டமாகக் கல் அடுக்கு, சாந்து கிடையாது. கருஞ்சரளை இரவுப் பனியை வாங்கிக் கீழே விட்டு, பகலில் மண் உலராமல் மூடிக் காக்கிறது. மழை இல்லாத ஊரில் விவசாயம் இப்படித்தான் நடக்கிறது. சாலையோரம் நின்று பாருங்கள், குழிக்குள் இறங்காதீர்கள். விளிம்பு சரிந்தால் அந்த உழவர் திரும்ப அள்ளிப்போட வேண்டும்.

#13 உப்புக்காற்று

இரண்டில் ஒன்று. என் ஓட்டு லா கிராசியோசாவுக்கு. ஃபுவர்ட்டெவென்டுராவின் கொர்ரலேஹோவுக்கு பிளாயா பிளாங்காவிலிருந்து கப்பல் அரை மணிதான். ஆனால் மணல்மேடுகள் ஊருக்கு வெளியே, அங்கே மறுபடி டாக்ஸி. காரைக் கப்பலில் ஏற்ற வாடகை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் பாதி வரிசையில் நிற்பதிலேயே போகும்.

லா கிராசியோசா ஓர்சோலாவிலிருந்து அரை மணிக்குள். தார்ச் சாலையே இல்லாத தீவு. துறைமுக ஊர் கலேத்தா தே செபோவில் அம்மா கடையொன்றில் நிழலில் இருக்கலாம், மற்றவர்கள் முக்கால் மணி நேரம் நடந்து லா ஃபிரான்செசா கடற்கரைக்குப் போகலாம், தண்ணீர் அமைதியாக இருக்கும். கொன்சாஸ் கடற்கரை அழகுதான், நீரோட்டம் ஆபத்து, அங்கே குளிக்காதீர்கள். ஓர்சோலாவை விட்டு வெளியே வந்ததும் முனையைச் சுற்றும்வரை படகு நன்றாக ஆடும். வாந்தி மாத்திரை ஏறும் முன்பே போட வேண்டும், ஆட ஆரம்பித்த பிறகு போட்டுப் பலனில்லை. பின்பக்கம், கீழ்த்தளத்தில் உட்காருங்கள். வட அலை அதிகமுள்ள நாளில் படகே நிறுத்தப்படலாம். ஆகவே இதை வாரக் கடைசியில் வைக்காமல் ஆரம்பத்தில் வைத்தால், ரத்தானாலும் வேறு நாள் கையில் இருக்கும்.

#14 மகிழினி_ஹரோ

நேரம் லண்டன் நேரம்தான், மணிக்கூட்டை மாற்றத் தேவையில்லை. ஆனால் ஒக்டோபர் கடைசி ஞாயிறு எல்லா இடமும் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகும். அதுக்குப் பிறகு அங்கே ஆறு மணி தாண்டினவுடன் சூரியன் மறையும். மலைப்பாதையில் இருட்டுக்குள் ஓட்டாமல் ஐந்தரைக்குள் திரும்புகிற மாதிரி நாளைப் போடுங்கோ.

பகலில் 25, 26 டிகிரி இருக்கும். மலையில் காற்று குளிரும், எல்லாருக்கும் ஒரு மெல்லிய காற்றுச்சட்டை. காற்று வீசுவதால் வெயில் சுடுகிறது தெரியாது, பிள்ளைகளின் காதும் கழுத்தும்தான் முதலில் கருகும். சகாராவிலிருந்து தூசி வருகிற நாள் ஒன்றிரண்டு வரலாம், கலீமா என்கிறவை. வானம் மஞ்சளாகி, தூரத்து மலை மறையும். ஆஸ்துமா உள்ள ஆள் இருந்தால் இன்ஹேலர் கைப்பையில் இருக்க வேணும், அன்று மலையேறாதீங்கோ. குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது, சமைக்கலாம். குடிக்க ருசி பிடிக்காது, ஐந்து லீட்டர் போத்தல் வாங்குங்கோ.

#15 கவிதா_திருச்சி

எல்லாருக்கும் நன்றி. மூத்தவளுக்கு எரிமலை வாய்க்குள் நடக்க ஆசை. அது எங்கேயாவது முடியுமா? சின்னவன் கல் சேர்ப்பவன், இரண்டு கருங்கல் கொண்டுவரலாமா?

#16 பாறைமகன்

கல் வேண்டாம். பாதுகாக்கப்பட்ட நிலத்திலிருந்து கல், சரளை, மணல் எதையும் எடுப்பது தடை. விமான நிலையப் பரிசோதனையில் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிடுவார்கள். படம் எடுத்துப் பெயர் எழுதி ஒரு நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள்: கயிறுபோல் முறுக்கியது ஒன்று, ரம்பம்போல் கூரானது ஒன்று, பச்சைப் படிகம் உள்ளே தெரிவது ஒன்று. மூன்று வகையும் கண்ணில் படும்.

நடக்க குவேர்வோஸ் எரிமலை. 1730இல் முதலில் வெடித்த வாய் அதுதான். சாலையோர நிறுத்தத்திலிருந்து சமமான சரளைப் பாதை, சுற்றி வந்து உடைந்த விளிம்பு வழியே உள்ளேயே போய் நிற்கலாம், காசு கிடையாது. மொத்தம் நாலு கிலோமீட்டருக்குள். அம்மா முதல் பத்து நிமிடம் வந்து திரும்பலாம். கால்தேரா பிளாங்கா வேறு கதை: வாய் மட்டுமே ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலம், போகவர மூன்று நாலு மணி நேரம், வழியெல்லாம் கூரான கற்குழம்பு, ஒரு மரம் இல்லை. மூத்தவளும் அப்பாவும் காலை எட்டுக்கே தொடங்கட்டும், ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், கெட்டி அடிப்பாகம் உள்ள ஷூ. செருப்போடு போனால் பாதியில் அறுந்துவிடும். விளிம்பில் காற்று பலமாக இருந்தால் உச்சிக்கு ஏறாமல் முதல் கணவாயிலேயே உள்ளே பார்த்துவிட்டு இறங்கலாம்.

#17 சாலைக்காரன்

கடைசியாகக் காரைத் திருப்புவது. எடுக்கும்போது பெட்ரோல் முள் எங்கே இருக்கிறதோ அதைப் படம் எடுங்கள். உள்ளூர் நிறுவனங்கள் சில பாதி டேங்க்கோடு கொடுக்கும், அதே அளவில் விட்டால் போதும். முழுக்க நிரப்பினால் உங்கள் காசு. நான்கு பக்கமும், நான்கு சக்கரமும், முன்கண்ணாடியும் படம். சனிக்கிழமை பிளாயா பிளாங்காவிலிருந்து எல்.இசட். 2 சாலையில் விமான நிலையம் அரை மணி. ஆனால் பெட்ரோல் போட, கார் விட, ஐந்து பெட்டியோடு உள்ளே போக இன்னொரு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி உதவியை விமான நிறுவனத்திடம் 48 மணி நேரம் முன்னாலேயே பதிவு செய்யுங்கள், போகும்போதும் வரும்போதும் தனித்தனியாக.